சல்லடை மூலையில் ஒரு பொட்டு

அக்டோபர் 10, வியாழன்

நாளை விடுமுறை என்பதால் லேபில் ஆயுத பூஜையை இன்றைக்கே போட்டுவிட்டோம். பொரி, கடலை, மாவிலை, செவ்வந்தி எல்லாம் பிள்ளைகளே கொண்டுவந்துவிட்டார்கள். கிருமியே கூடாது என்று வருடம் முழுக்கக் கத்தும் பயோடெக்னாலஜி லேபில் மாவிலை கட்டலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். கெமிஸ்ட்ரிக்காரர்கள் கட்டியிருக்கிறார்கள், நாம் கட்டாவிட்டால் துறைத்தலைவர் குப்புராஜ் சார் கேட்பார். கட்டியாயிற்று.

சந்தனம் கரைத்தது நான். மைக்ரோஸ்கோப், ஆட்டோகிளேவ், இன்குபேட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு. புது லேமினாருக்குக் கண்ணாடியில் வைத்தேன். பழைய லேமினாரின் கண்ணாடியில் எச்சரிக்கை ஸ்டிக்கர்களை ஒட்டி ஒட்டி இடமே இல்லை. அதனால் உள்ளே, பின்பக்கச் சல்லடையின் வலது மேல் மூலையில் பெரிதாக ஒரு பொட்டு வைத்துக் குங்குமமும் இட்டேன். பழசுக்கு எப்போதுமே என்னிடம் கொஞ்சம் சலுகை உண்டு. போன வருடம் சார் அதை எடைக்குப் போடச் சொன்னபோது, கெஞ்சிக் கூத்தாடி ரிப்பேர் செய்ய வைத்தது நான்தான்.

என் வீட்டுக்காரர் மகேஷ் லேமினாரை ‘ஃபேன் வச்ச அலமாரி’ என்பார். கிட்டத்தட்ட சரி. வடிகட்டின காற்று சல்லடை வழியாக நம்மை நோக்கி வீசிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றுக்குள் கையை வைத்து வேலை செய்தால் வெளிக்கிருமி உள்ளே வராது.

கற்பூரம் காட்டும்போது ஒன்றே ஒன்றுதான் வேண்டிக்கொண்டேன். அடுத்த மாதம் ஓசூர் ஊசிமருந்து கம்பெனி நம் பிள்ளைகளைப் பார்க்க வருகிறது. ‘ஆய்வகப் பணித்திறன்’ என்ற இந்த வகுப்பே என் யோசனை. யாரையும் எடுக்காமல் போனால் வகுப்பை மூடுவார்கள், அப்புறம் என்னை எதற்கு வைத்திருப்பார்கள்? சாமி, நாலு பேராவது போகட்டும்.

அக்டோபர் 14, திங்கள்

வீட்டைப் பூட்டினேனா என்று பாதி வழியில் சந்தேகம் வந்து, பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பிப் போனேன். பூட்டியிருந்தது. எப்போதும் பூட்டித்தான் இருக்கிறது.

காலையில் பிள்ளைகள் பொட்டுகளையெல்லாம் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார்கள். கண்ணில் பட்டதையெல்லாம் துடைக்கச் சொன்னேன்.

இன்று முதல் சோதனை. ஓசூரில் வேலைக்குச் சேரும் யாரும் இதில் தேறாமல் மருந்துக்குப் பக்கத்திலேயே போக முடியாது. மருந்துக்குப் பதிலாகச் சத்துநீர். கிருமிக்கு அது கல்யாணச் சாப்பாடு. அதை லேமினாருக்குள் வைத்து, பாட்டில் பாட்டிலாக ஊற்றி மூடி, இன்குபேட்டரின் இளஞ்சூட்டில் சில நாள் வைத்துக் காத்திருக்க வேண்டும். தெளிவாகவே இருந்தால் கை சுத்தம். கலங்கினால் ஏதோ உள்ளே விழுந்துவிட்டது.

புது லேமினாருக்கு எல்லோரும் வரிசையில் நின்றார்கள். பழசு சத்தம் போடும், யாரும் போகமாட்டார்கள். கோகிலவாணி மட்டும் அதில் உட்கார்ந்தாள். “இதுலனா வரிசை இல்லீங்க மேம், இன்னொரு தடவ பண்ணிப் பாக்கலாம்” என்றாள்.

அந்தியூர் பக்கத்துப் பெண். பன்னிரண்டாவது முடித்ததும் பஞ்சாலை விடுதியில் தங்கி வேலை பார்த்துவிட்டு, பிறகு கல்லூரிக்கு வந்தவள். மற்ற பிள்ளைகளைவிட மூத்தவள். படிப்பு முடிந்து வேலை கிடைக்காவிட்டால் திரும்ப மில்லுக்கே போகச் சொல்லி வீட்டில் சொல்லியாயிற்று என்று ஒருமுறை சொன்னாள். அழுது சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்கிற மாதிரி சொன்னாள். அவள் பாட்டிலைத் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரு அசைவுகூட வீண் இல்லை. இவள் போவாள், நிச்சயம் போவாள்.

அக்டோபர் 17, வியாழன்

கோகிலவாணியின் பாட்டில்கள் கலங்கிவிட்டன. அவளுடையவை மட்டும். உள்ளே பஞ்சு மிதப்பது போல வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை.

இன்று வகுப்பில் எடுக்க வேண்டிய பாடமே ‘தவறின் காரணம் கண்டுபிடித்தல்’. பலகையில் பெரிதாக எழுதினேன்: ஆளைத் தேடாதே, வழியைத் தேடு. காற்று, தண்ணீர், பாத்திரம், கருவி எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகே ‘கைத்தவறு’ என்று எழுதலாம், சோம்பேறிகள் முதலிலேயே எழுதுவார்கள் என்றேன். நன்றாகத்தான் பேசினேன். ஹரிபிரசாத் கைதட்டினான், அவன் எதற்கும் கைதட்டுவான்.

வகுப்பு முடிந்து கோகிலா வந்து நின்றாள். “என்னுது மட்டும் ஏனுங்க மேம்?”

“கை எங்கேயோ பட்டிருக்கும். அடுத்த தடவ நிதானமா பண்ணு.”

எழுதும்போதுதான் கவனிக்கிறேன், வகுப்பு முடிந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பரவாயில்லை, அது வேறு, இது வேறு. எனக்கு அனுபவம் இருக்கிறது.

அக்டோபர் 18, வெள்ளி

ரசம் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது, கேஸ் வாசனை. ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துவிட்டு வாசலில் நின்றேன். மகேஷ், “உனக்கு பி.பி. பாக்கணும்” என்கிறார். இவருக்கு எல்லாவற்றுக்கும் பி.பி.தான்.

அக்டோபர் 21, திங்கள்

இரண்டாம் சோதனை. கோகிலா பின்னலை இறுக்கிக் கொண்டை போட்டு, நகம் வெட்டி, முகத்தில் மஞ்சள்கூட இல்லாமல் வந்தாள். பக்கத்திலேயே நின்று பார்த்தேன். தவறு ஒன்றும் கண்ணில் படவில்லை. தவறு இல்லாததைப் பார்த்தால் நிம்மதி வர வேண்டும், எனக்கு வரவில்லை.

அதே பழைய லேமினார். சல்லடையின் மேல் மூலையில் பழுப்பாக ஏதோ தெரிந்தது. துருவாக இருக்கும். சாரிடம் சொன்னால், “அன்னைக்கே எடைக்குப் போடச் சொன்னேன்ல?” என்பார். ஓசூர்க்காரர்கள் வந்து போகட்டும்.

அக்டோபர் 24, வியாழன்

மறுபடியும்.

கோகிலா பாட்டில்களை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“மேம், ஒரே ஒரு தடவ புது லேமினார்ல பண்ணிப் பாக்கட்டுங்களா?”

“இன்டர்வியூல போயி மெஷின் சரியில்லன்னு சொல்லுவியா? கருவியைக் குறை சொல்றவங்களை யாரும் எடுக்க மாட்டாங்க.”

“குறை சொல்லலீங்க மேம். பாக்கலாம்னுதான்.”

“வேண்டாம்.”

ஏன் வேண்டாம் என்றேன்? பார்த்தால் என்ன குறைந்துவிடும்? தெரியவில்லை. தலைவலி. மகேஷ் மாத்திரை வாங்கி வந்தார்.

அக்டோபர் 25, வெள்ளி

குப்புராஜ் சார் கூப்பிட்டார். “ஏம்மா வளர்மதி, ஓசூருக்குப் பேர் அனுப்பணுமில்ல? தேறினவங்கள மட்டும் அனுப்பு. அவங்க முன்னாடி நம்ம மானம் போயிரக் கூடாது.”

அனுப்பிவிட்டேன். ஹரிபிரசாத்தும் இன்னும் சிலரும். கோகிலவாணியின் பெயர் இல்லை. வேறு என்ன செய்ய முடியும்? இரண்டு முறை கலங்கியிருக்கிறது. உணர்ச்சிக்கு இடம் கொடுத்தால் அது விஞ்ஞானமா?

அவளிடம் நானே சொன்னேன். “சரிங்க மேம்” என்றாள். பிறகு, “நான் லேபுக்கு வந்துட்டு இருக்கலாமுங்களா?” என்று கேட்டாள். வரலாம் என்றேன். அந்த ஒன்றையாவது கொடுத்தேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. காலையிலிருந்து அதிரசம். மாமியார் போனில் பக்குவம் சொல்ல, நான் இங்கே கருக்கிக்கொண்டிருந்தேன்.

சாமி அலமாரியைத் துடைக்கும்போது பின்னால் ஒரு சின்னக் கிண்ணம் அகப்பட்டது. ஆயுத பூஜையன்று வீட்டுக்குக் கரைத்த சந்தனத்தில் மீதி. மேலே சாம்பலும் பச்சையுமாகப் பூஞ்சை, பஞ்சு மாதிரி பூத்துக்கிடந்தது. சந்தனத்தில்கூட இவ்வளவு பிடிக்குமா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

அடுப்பில் அதிரசம் தீய்ந்துவிட்டது.

கிண்ணத்தை வெந்நீர் ஊற்றித் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன் போல. “அது வெள்ளிடி, தேஞ்சிறப் போகுது” என்று மகேஷ் வாங்கி வைத்தார்.

நவம்பர் 4, திங்கள்

எல்லோருக்கும் முன்னால் லேபுக்குப் போனேன். பழைய லேமினாரை நன்றாகத் துடைத்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

அதுதான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்? ஒரு பொட்டு. அவள் கையாகவும் இருக்கலாம். சத்துநீராகவும் இருக்கலாம். நிரூபணம் இல்லாமல் ஒரு ஆசிரியை பிள்ளைகள் முன்னால் போய், சாரிடம் போய், என்னவென்று சொல்வது? லேபில் சந்தனம் பூசிய விஞ்ஞானி என்று காலேஜ் முழுக்கச் சிரிப்பார்கள். ஓசூர்க்காரர்களுக்குத் தெரிந்தால் மற்ற பிள்ளைகளுக்கும் கெட்ட பெயர். அவர்களுக்காகத்தான் யோசிக்கிறேன்.

கோகிலா இன்று தனக்காக ஒரு சோதனை வைத்தாள், பெயர் அனுப்பியாகிவிட்டது என்று தெரிந்தும். அதே பழைய லேமினார். தடுக்கவில்லை. மாலையில் குப்பை அகற்றும் முறையும் அவளுடையதுதான்.

நவம்பர் 8, வெள்ளி

தெளிவு. அவள் பாட்டில்கள் எல்லாமே குழாய்த் தண்ணீர் போலத் தெளிவு.

“பாத்தியா, பழகப் பழக வந்துருச்சு!” என்றேன். என் குரல் எனக்கே அதிகச் சத்தமாகக் கேட்டது.

அவளுக்குச் சந்தோஷமே இல்லை. “மேம், நான் எதையுமே மாத்தலீங்க. அதேதான் பண்ணுனேன். தப்பா வந்தப்பவும் காரணம்னு ஒண்ணும் எழுதல, சரியா வந்தப்பவும் எழுதல. காரணம் தெரியாம சரியாறது சரியானதில்லன்னு நீங்கதானுங்களே சொல்லிக்கொடுத்தீங்க?”

சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எவ்வளவோ சொல்லிக்கொடுத்துத் தொலைத்திருக்கிறேன்.

பிறகு இன்குபேட்டரிலிருந்து ஒரு தட்டை எடுத்து வந்தாள். தீபாவளிக்கு முன்னாலேயே, ஆளில்லாத பழைய லேமினாரை ஓடவிட்டு, சத்துக்கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டுகளை நாலு மூலையிலும் திறந்து வைத்திருக்கிறாள். காற்றில் என்ன விழுகிறது என்று பார்க்கும் பழைய முறை. செப்டம்பரில் நான்தான் செய்து காட்டினேன். மூன்று தட்டுகள் சுத்தமாக இருந்தன. பின்பக்க வலது மூலையில் வைத்த தட்டில் மட்டும் பச்சைப் பச்சையாகப் பூஞ்சை.

“அப்ப யாருமே கை வெக்கலீங்க மேம். என் கையும் இல்ல. அந்த மூலையில என்னமோ இருந்திருக்கு.” என்னைப் பார்த்தாள். “என்னங்க மேம் இருந்துச்சு?”

“தெரியலையே” என்றேன்.

சொல்லிவிட்டு ஸ்டாஃப் ரூமில் வந்து உட்கார்ந்தேன். எவ்வளவு சின்ன வார்த்தை.

நவம்பர் 12, செவ்வாய்

ஓசூருக்குப் போன் செய்து இன்னொரு பெயர் சேர்க்கலாமா என்று கேட்டேன். தரக்கட்டுப்பாட்டு மேலாளர் ஜெசிந்தா மேடம் பேசினார். நல்ல குரல், அவசரமே இல்லாத குரல். “முன்னாடி ஏன் ஃபெயில் ஆச்சு மேடம்? காரணம் கண்டுபிடிச்சிட்டீங்களா?”

“பார்த்துட்டு இருக்கோம் மேடம்.”

“கண்டுபிடிச்சதும் சொல்லுங்க. காரணம் தெரியாம நான் யாரையும் பாக்குறதில்ல.”

போனை வைத்த பிறகு மகேஷிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. “அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?” என்று மட்டும் கேட்டார். “நாளைக்குச் சொல்றேன்” என்றேன்.

நவம்பர் 13, புதன்

சொல்லவில்லை. சார் கூடவே இருந்தார்.

நவம்பர் 15, வெள்ளி

சொல்லவில்லை. மாதிரி நேர்காணல் நடத்தினேன். கால் ஆட்டாதே, ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லத் தயங்காதே, தெரிந்ததைத் தெரியாது என்று மட்டும் சொல்லாதே. இதையெல்லாம் சொல்லும்போது கோகிலா கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவளை வரச்சொல்லியே இருக்க வேண்டாம்.

நவம்பர் 20, புதன்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

ஜெசிந்தா மேடம் வந்தார். குட்டையான பெண்மணி, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. செமினார் ஹாலில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். குப்புராஜ் சாரும் நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். எல்லோரிடமும் ஒரே கேள்விதான். “நீங்க பண்ணின ஒரு தப்பைச் சொல்லுங்க.” ஹரிபிரசாத் நான் சொல்லிக்கொடுத்ததையே ஒப்பித்தான். மற்றவர்களும் அப்படியே. மேடம் தலையாட்டிக்கொண்டே வந்தார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கோகிலா தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தாள். சார்தான் அவளை அந்த வேலைக்குப் போட்டிருந்தார். லிஸ்டில் இல்லாதவள் சும்மாதானே இருக்கிறாள் என்று. அவள் தம்ளரை மேடம் முன்னால் வைத்தபோது, என் வாய் என்னைக் கேட்காமல் பேசிவிட்டது. “மேடம், நான் போன்ல சொன்ன பொண்ணு இவதான். ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க.”

சார் முறைத்தார். மேடம் நாற்காலியைக் காட்டினார்.

கோகிலா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாட்டில் இரண்டு முறை கலங்கியது, தட்டுகள் வைத்தது, ஒரு மூலையில் மட்டும் பூஞ்சை வந்தது, பிறகு எதையும் மாற்றாமலே தெளிந்தது என எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“அந்த மூலையில என்ன இருந்தது?”

கோகிலா தரையைப் பார்த்தாள்.

“தெரியலீங்க மேம்.”

பொய். அவள் பொய் சொல்லிப் பார்த்ததே இல்லை, அதனால் பட்டென்று தெரிந்தது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எப்படியோ தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, தன் வேலை அந்த ஒரு பதிலில் தொங்குகிறது என்றும் தெரிந்துகொண்டே, என்னை மூடி வைக்கிறாள்.

எழுந்து நின்றேன். “சந்தனம் மேடம். ஆயுத பூஜைக்கு நான் வச்ச பொட்டு. உள்ள, சல்லடை மேலயே வச்சேன். துடைக்க மறந்துட்டேன். அதுல பூஞ்சை பிடிச்சு, காத்தோட அவ பாட்டில்ல விழுந்திருக்கு. அவ கையில ஒரு தப்பும் இல்ல.”

“ஏம்மா!” என்றார் குப்புராஜ் சார். அவ்வளவுதான் வந்தது அவருக்கு.

மேடம் சிரிக்கவில்லை. “எங்க கம்பெனியிலயும் பூஜை போடுவோம் மேடம். மெஷினுக்குப் பொட்டு வச்சவங்களை நான் நிறையப் பாத்திருக்கேன். அப்புறம் எப்படிச் சரியாச்சு?”

“நான் துடைச்சேன்.”

“எப்போ?”

“தீபாவளி முடிஞ்சு வந்த திங்கக்கிழமை.”

“இன்னைக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல?”

“சொல்லல.”

“பொட்டு வச்சது மறதி” என்றார். “துடைச்சிட்டுச் சொல்லாம விட்டது மறதியில்ல. இதையே எங்க ஆள் பண்ணியிருந்தா அன்னைக்கே வெளிய அனுப்பிருப்பேன்.” கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு கோகிலா பக்கம் திரும்பி, “நீ அந்தத் தட்டை எடுத்துட்டு வா, பாக்கணும்” என்றார்.

நவம்பர் 22, வெள்ளி

ஓசூரிலிருந்து பதில் வந்துவிட்டது. ஹரிபிரசாத், கோகிலவாணி. இரண்டே பேர்.

குப்புராஜ் சார் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். அடுத்த வருடம் இந்த வகுப்பு நடக்கும், ஆனால் வேறு யாராவது எடுப்பார்கள். எனக்கு முதலாமாண்டு தாவரவியல். போகச் சொல்லவில்லை, அதுவே பெரிது என்று நினைக்கச் சொன்னார். நினைக்கிறேன். அழுகை வந்தது, அவர் எதிரில் வராமல் பார்த்துக்கொண்டேன்.

கோகிலா பால்கோவா கொண்டுவந்தாள். ஒரு விள்ளல் எடுத்துக்கொண்டு கேட்டேன், “உனக்கு எப்ப தெரியும்?”

“தீபாவளி முடிஞ்சு வந்த செவ்வாக்கிழமை நான்தானுங்களே குப்பை எடுத்தேன் மேம். பஞ்சு ஒண்ணு மஞ்சளா கிடந்துச்சு. ஸ்பிரிட் நாத்தத்தையும் மீறிச் சந்தன வாசம்.”

“அப்பறம் எதுக்கு எங்கிட்ட வந்து, என்ன இருந்துச்சுன்னு கேட்ட?”

“நீங்க சொல்லுவீங்கன்னு கேட்டேனுங்க.”

“நான் சொல்லாமயே இருந்திருந்தா?”

“மில்லுக்குப் போயிருப்பனுங்க மேம்” என்றாள், பஸ் நேரம் சொல்கிற மாதிரி. “இன்னொண்ணு எடுத்துக்கங்க, எங்கம்மா கிளறுனது.”

நவம்பர் 24, ஞாயிறு

இந்த வகுப்பின் முதல் நாளில் முதல் பாடமாக ஒன்று சொல்லிக்கொடுப்பேன். லேபில் தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது, பூசி மறைக்கவும் கூடாது. பழையது படிக்கும்படியாக ஒரே ஒரு கோடு போட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதி, கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். இனி அதை வேறு யாரோ சொல்லிக்கொடுப்பார்கள்.

நவம்பர் 4-ஆம் தேதிக்குத் திரும்பிப் போனேன். ‘பழைய லேமினாரை நன்றாகத் துடைத்தேன்’ என்பதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டேன்.

பக்கத்தில் எழுதினேன்: நான் வைத்த சந்தனப் பொட்டைத் துடைத்தேன். கோகிலவாணியிடம் சொல்லவில்லை. — வளர்மதி, 24 நவம்பர்.